மசாஜ் தெரபிஸ்ட் ஆக விரும்பும் தென்காசித் தங்கைக்கு

தென்காசியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். வயது 23. பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு கிளினிக்கில் உதவியாளர் வேலை. மசாஜ் தெரபிஸ்ட் ஆக வேண்டும் என்று ஆசை. ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதத்துக்கு அறுபதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், 'இன்டர்நேஷனல் சர்டிபிகேட்' கொடுத்துத் துபாய்க்கு அனுப்புவதாகவும் சொல்கிறார்கள். லாரி ஓட்டும் அப்பாவோ, "நம்ம வீட்டுப் பொண்ணு போற வேலையா இது?" என்று கேட்டுவிட்டு இரண்டு வாரமாகப் பேசவில்லை. அந்தக் கோர்ஸில் சேரலாமா, எவ்வளவு சம்பளம் வரும், பாதுகாப்பாக இருக்குமா என்று கேட்கிறார்.

முதலில், அந்த அறுபதாயிரத்தை இப்போது கட்ட வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் நாகர்கோவில்காரி. பதினேழு வருடமாக இதே வேலை. அதில் பத்து வருடம் கேரளத்தில், ஆயுர்வேத மருத்துவமனைகளிலும் ரிசார்ட்டுகளிலும் கழிந்தது. இப்போது கோவையில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நல்ல தொழில் என்று நம்பித்தான் இன்றும் இதில் இருக்கிறேன். அதனால்தான் தப்பான வாசல் வழியாக நீங்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் என்றால் மூன்று மாதத்துக்கு 120 மணி நேரம்தான் வரும். அதில் பாதி, போர்டில் எழுதிப் போடுவதைப் பார்த்து எழுதுவதிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால், உங்கள் கை அடுத்தவர் முதுகில் படுவது எத்தனை நிமிடம்? அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் மசாஜ் உரிமம் வாங்க 1,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும். அவர்கள் வைத்ததெல்லாம் வேதவாக்கு என்று சொல்லவில்லை, ஆனால் இந்தக் கை பழக எவ்வளவு நாளாகும் என்பதற்கு அது ஒரு கணக்கு. அப்புறம், 'இன்டர்நேஷனல் சர்டிபிகேட்' என்று ஒரு தாள் இருந்தால் எந்த நாட்டிலும் வேலை செய்துவிடலாம் என்று ஒன்று கிடையாது. அந்தந்த நாட்டுக்கு அதனதன் உரிமம், அதனதன் தேர்வு.

எந்த நிலையத்துக்குப் போனாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் என் கை வேலை செய்யும் நேரம் எவ்வளவு? சொல்லிக் கொடுப்பவர் எத்தனை வருடம் சிகிச்சை அறையில் நின்றவர்? உண்மையான நோயாளிகள்மேல், மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சி உண்டா? முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் உட்கார்ந்து பேசலாம். "அதெல்லாம் சேர்ந்த பிறகு சொல்றோம்மா" என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

படிப்பு என்று பார்த்தால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசு ஆயுர்வேதக் கல்லூரிகளை ஒட்டி ஆயுர்வேத தெரபிஸ்டுக்கு ஒரு வருட சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. திருச்சூர் மாவட்டம் செறுதுருத்தியில் பஞ்சகர்மம் என்ற ஆயுர்வேத உடல் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே பஞ்சகர்ம டெக்னீஷியன் பயிற்சி பற்றி விசாரியுங்கள். இடமும் தகுதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் நேரில் போய்க் கேட்பது நல்லது. ஒரு வருடமா என்று மலைக்க வேண்டாம். நான் சேர்ந்த முதல் இரண்டு மாதம் எனக்குத் தோணி கழுவுகிற வேலைதான். எண்ணெய் வழிந்து போகப் பள்ளம் வெட்டிய அந்த மர மேசையைத்தான் தோணி என்கிறோம், மலையாளத்தில் பாத்தி. சீயக்காய் போட்டுக் கழுவிக் காய வைத்துக்கொண்டே, இரண்டு சேச்சிகள் இரண்டு பக்கமும் நின்று ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில், ஒரு கையும் மற்றதுக்கு முந்தாமல் எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்யங்கம் என்ற இந்த எண்ணெய்த் தேய்ப்பில் நோயாளி உட்கார்ந்து, மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற, மறுபடி ஒருக்களித்து, மல்லாந்து, உட்கார்ந்து என்று ஏழு நிலை. அந்த ஏழும் எனக்கு மனப்பாடமானது பாத்தி கழுவிய நாட்களில்தான்.

ஸ்பா பக்கம் போக ஆசையென்றால் அங்கே ஸ்வீடிஷ், தாய், பாலினீஸ் என்று கேட்பார்கள். ஸ்வீடிஷ் என்று பெயர்தானே தவிர, அதில் வரும் எஃப்லூராஜ், பெட்ரிசாஜ் எல்லாம் பிரெஞ்சுச் சொற்கள். 19ஆம் நூற்றாண்டில் மெஸ்கர் என்ற டச்சு மருத்துவர் வழியாக வந்தவை. நாம் சொல்லும் நீவுவது, பிசைவதுதான் அவை. தாய் மசாஜுக்குப் பாங்காக்கின் வாட் போ கோயிலில் 1955 முதல் பள்ளி நடக்கிறது, 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நம்மிடமும் குறைவில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று தனியாகவே ஒரு முறை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. எந்த முறையில் தொடங்கினாலும் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு முறைகளை ஆறு வாரத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளின் கையைத் தொட்ட உடனே தெரிந்துவிடும், எங்கே போகிறோம் என்று அந்தக் கைக்கே தெரியாது.

ஒரு சின்னப் பரிசோதனை சொல்கிறேன், இன்றைக்கே செய்து பாருங்கள். எடை பார்க்கும் மிஷினை இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில் ஒரு மேசைமேல் வையுங்கள். முழங்கையை மடக்கி, தோள் பலத்தால் அழுத்துங்கள். பத்துக் கிலோ வந்து கொஞ்ச நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும், மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது ஒரு காலை முன்னே வைத்து, பின்காலைத் தரையில் ஊன்றி, கையை நீட்டி, உடம்பை மெதுவாகச் சாயுங்கள். அதே பத்துக் கிலோ தானாக வந்து நிற்கும். கையில் பாரமே தெரியாது. பேசிக்கொண்டே நிற்கலாம். எங்கள் தொழிலின் பாதி இந்தச் சாய்வில் இருக்கிறது. படுத்திருப்பவருக்கும் வித்தியாசம் தெரியும். தோள் பலத்தால் அழுத்தினால் குத்துவது போல் இருக்கும், சாய்ந்து கொடுத்தால் ஆழமாக இறங்கும்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், என்னோடு சேர்ந்தவர்களில் மூன்று பேர் கட்டைவிரல் அடிமூட்டு வலியால் வேலையை விட்டுப் போனார்கள். மூன்று பேருமே கெட்டிக்காரிகள். எல்லாவற்றையும் கட்டைவிரலாலேயே செய்தார்கள். முழங்கைக்குக் கீழுள்ள பகுதி, மடக்கிய விரல் முட்டி, உள்ளங்கையின் அடிப்பகுதி எல்லாம் கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுக்கத்தான் இருக்கின்றன. மேசையருகே நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல் முட்டி மேசையை லேசாக உரச வேண்டும். அதைவிட உயரமென்றால் தோள் போகும், தாழ்வென்றால் இடுப்பு போகும். ஒரு நாளைக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து பேர். எட்டுப் பேரைச் செய்யச் சொல்லும் இடத்தில் ஒரு வருடம் சம்பாதிப்பதை அடுத்த வருடம் எலும்பு டாக்டரிடம் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

சரி, அடுத்தது எனக்கு மிக முக்கியமானது. கை வைக்கக் கூடாத இடத்தை அறிவது.

ஒரு தடவை ஒரு அம்மா வந்திருந்தார், இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பயணம். "கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, நல்லா அழுத்தி விடும்மா" என்றார். துணியை விலக்கிப் பார்த்தேன். இடது கெண்டை வலதைவிடப் பருத்திருந்தது. தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. புறங்கையை வைத்தால் ஒரு கால் சாதாரணமாகவும் ஒரு கால் சூடாகவும் இருந்தது. நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவே இல்லை, டாக்டரைக் கூப்பிட்டேன். ஸ்கேனில் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு இருந்தது தெரிந்தது. அதை அழுத்திப் பிசைந்திருந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம், அது உயிரையே எடுத்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், யார் எவ்வளவு கெஞ்சினாலும் தொடாதீர்கள்.

நான் தவறியதும் உண்டு. மூன்றாவது வருடம். சர்க்கரை நோய் பல வருடமாக உள்ள ஒரு பெரியவருக்குப் பாதத்தில் கிழி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நொச்சியும் எருக்கிலையும் வதக்கித் துணியில் மூட்டையாகக் கட்டிச் சூடாக ஒற்றும் இலைக்கிழி. வழக்கம்போல என் உள்ளங்கையில் ஒற்றிப் பார்த்தேன், பொறுக்கும் சூடுதான். "சூடு எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு அவரும் "நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுநாள் பாதத்தில் கொப்புளம். தினமும் சூட்டில் புழங்கி என் உள்ளங்கை மரத்துப் போயிருந்தது, சர்க்கரையால் அவர் பாதம் மரத்துப் போயிருந்தது. இரண்டு பேருக்குமே சூடு தெரியவில்லை. அந்தப் புண் ஆற ஐந்து வாரமானது. அன்றிலிருந்து மணிக்கட்டின் உட்பக்கத்தில்தான் சூடு பார்க்கிறேன். கால் மரத்திருக்கிறதா என்று கேட்காமல் யாருக்கும் கிழி எடுப்பதில்லை. என்னிடம் பயிலும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

காய்ச்சல், படர்தாமரை போன்ற தொற்றுள்ள தோல், புதிய எலும்பு முறிவு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் என்றால் மருத்துவர் சொல்லாமல் நாமாக எதுவும் செய்யக் கூடாது. கழுத்தின் முன்பக்கத்தை அழுத்தவே கூடாது. குமரி மாவட்டத்து ஆசான்கள் உடம்பில் வர்மப் புள்ளிகள் 108 என்றும், அதில் 12 அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் என்றும் சொல்வார்கள். வர்மம் படிக்காதவர்கள் வீடியோ பார்த்து அந்தப் புள்ளிகளில் கை வைக்க வேண்டாம். கிளினிக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள், பிரஷர் பார்க்கவும் வீக்கத்தைக் கவனிக்கவும் தெரிந்திருக்கும். அந்த அனுபவம் மற்ற பிள்ளைகளைவிட உங்களை ஒரு படி மேலே வைக்கும்.

இன்னொன்று. நச்சு வெளியேறும், கொழுப்பு கரையும், சர்க்கரை குணமாகும் என்றெல்லாம் வாய் வார்த்தையாகக்கூடச் சொல்லாதீர்கள். வலி குறையும், தசை தளரும், தூக்கம் வரும், மனப் பதற்றம் அடங்கும். இவ்வளவையும் நம் கையால் கொடுக்க முடிகிறதே, இதற்கு மேல் பொய் எதற்கு?

சம்பளத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தங்குமிடம் சாப்பாட்டோடு மாதம் 12,000 முதல் 18,000 வரை கொடுப்பதைத்தான் நான் பார்த்து வருகிறேன். ரிசார்ட்டுகளில் டிப்ஸ் கூடும், ஆனால் சீசனுக்கு சீசன் ஏறி இறங்கும். கோவளம், வர்க்கலை பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வருவது குளிர்காலத்தில். ஆயுர்வேத மருத்துவமனைகளில் கூட்டம் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில். நாலைந்து வருடம் ஆன பிறகு சொந்தமாகச் செய்யலாம். அதில் பெண்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி விடுவது. முன்பு பாட்டிமார் செய்தார்கள், இன்று நகரத்து வீடுகளில் ஆள் தேடி அலைகிறார்கள். முறையாகக் கற்றுக்கொண்டு, மகப்பேறு மருத்துவரின் அனுமதியோடு செய்பவருக்கு வேலை ஓயாது.

பாதுகாப்பு. இதில் மழுப்பாமல் பேச வேண்டும். 'மசாஜ்' என்ற சொல்லை வைத்து வேறு தொழில் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் வந்தால் அங்கே நேர்மையாக வேலை செய்த பெண்ணுக்கும் சேர்த்துத்தான் பெயர் கெடும். அதனால் வேலைக்குச் சேரும் முன் அந்த இடத்துக்குப் பகலில் ஒருமுறை நேரில் போங்கள். உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா, மருத்துவர் அல்லது பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா, பெண்களுக்குப் பெண்களும் ஆண்களுக்கு ஆண்களும்தான் செய்கிறார்களா என்று பாருங்கள். கேரளச் சுற்றுலாத் துறை கிரீன் லீஃப், ஆலிவ் லீஃப் என்று ஆயுர்வேத மையங்களுக்குத் தரச் சான்று கொடுத்தபோது, மருத்துவர் இருக்க வேண்டும், ஆணுக்கு ஆண் பெண்ணுக்குப் பெண் என்பதையெல்லாம் விதியாகவே வைத்தது. தொடக்கத்தில் அந்த வழக்கமுள்ள இடத்தில் சேருவது உங்களுக்கும் நிம்மதி, வீட்டுக்கும் நிம்மதி. தகுதியைக் கேட்காமல் முதலில் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்கிறார்களா, அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் வாய் தவறாகப் போனால் சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். போர்வையை இழுத்து மூடிவிட்டு, "இன்னைக்கு இதோட முடிஞ்சுது" என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள். உங்களை மறுபடி உள்ளே போகச் சொல்லும் முதலாளியிடம் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. முதலாளி மேல் மட்டுமில்லை, வாடிக்கையாளர் மேலும் புகார் கொடுக்கலாம்.

வாடிக்கையாளரின் மானமும் நம் கையில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் வேலை செய்கிறோமோ அதை மட்டும் விலக்கி, முடிந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தொடும் முன்னால் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். மூடுகிற விதத்திலேயே ஒரு தெரபிஸ்டின் பயிற்சி தெரிந்துவிடும் என்பார் எனக்குக் கற்றுக்கொடுத்த சேச்சி. முடிந்தபின் உடனே எழுப்பிவிடாமல் கொஞ்சம் உட்கார வைத்து, தரை எண்ணெய் என்பதால் கையைப் பிடித்து இறக்குங்கள். எண்ணெய் ஊறிய துண்டுகளை டிரையரிலிருந்து சூட்டோடு எடுத்துக் குவித்து வைக்காதீர்கள், உள்சூடு ஏறி அவை தானே தீப்பிடிக்கலாம். பல இடங்களில் இதைச் சொல்லிக் கொடுப்பதே இல்லை.

துபாய்க்குப் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று வருடம் இங்கே கை பழகிய பிறகு போங்கள், அப்போது சம்பளமும் நீங்கள் பேசுவதாக இருக்கும். போகும்போது, வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு செய்த ஏஜென்டா என்று பாருங்கள். பதிவுள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு இல்லாத பயிற்சி நிலையம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்துக்கு விரோதம். விசிட் விசாவில் போய் வேலை செய்யலாம் என்றால் காதில் வாங்காதீர்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள்.

அப்பா விஷயம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேப்பரில் வரும் ரெய்டு செய்திகளைப் படிக்கிற எந்த அப்பாவும் அப்படித்தான் கேட்பார். அவருக்குக் குற்றாலம் சீசனில் அருவிக்கரையில் ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர்களைத் தெரியும். பெண்கள் செய்யும் மருத்துவமனை வேலையைப் பார்த்திருக்கமாட்டார். பார்க்காத ஒன்றை வாய்ப் பேச்சால் புரியவைக்க முடியாது. என் அப்பாவும் ஒரு வருடம் பேசவில்லை. பாரிசவாதம் வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் தினமும் கை கால் நீவிவிடுவதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் அவராகவே எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார்.

உங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டை ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, வர்மமும் தொக்கணமும் அங்கே வைத்தியமாகவே நடக்கின்றன. லாரி ஓட்டுபவருக்கு இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. ஒரு நாள் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் பெயரிலேயே சீட்டுப் போட்டு, டாக்டரிடம் காட்டுங்கள்.